கோலியாஸ் குழியின் மண்

எரிதானோஸ் ஓடையைக் கடந்தவுடன் பாதையின் ஒரு புறம் கல்லறைகளும் மறுபுறம் சூளைகளும் தொடங்கிவிடும். ஏதென்ஸ் நகரத்துக் குயவர்கள் தலைமுறை தலைமுறையாக இறந்தவர்களுக்கு எதிர்வீட்டுக்காரர்களாகவே வாழ்ந்து வந்தமையால், அப்பாதையில் நடப்பதற்கு நிகாரெத்தே ஒருபோதும் அஞ்சியதில்லை. மழைக்காலம் ஓய்ந்த ஒரு முற்பகலில், துணிமூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு, எலெயுசிஸில் உள்ள சிற்றன்னையின் வீட்டிலிருந்து அவள் திரும்பி வந்தபொழுதும் அஞ்சவில்லை.

பட்டறைக் கதவைத் தள்ளினாள். குளிர்காலம் முழுவதும் பூட்டிக் கிடந்த இடத்தில் புழுதி நெடி அடிக்கும் என்று எண்ணியிருந்தாள். முற்றமோ பெருக்கித் தண்ணீர் தெளிக்கப்பட்டிருந்தது. பானை வனையும் திகிரிக்கு எண்ணெய் இடப்பட்டிருந்தது. துணி மூடிய தட்டில் பார்லி ரொட்டியும் ஒலிவக்காயும் வெங்காயமும் காத்திருந்தன. அண்ணனோடு தொழில் செய்த பைதிமோஸ் எழுந்து நின்றான்.

"வந்துட்டியா? இவ்ளோ தூரம் நடந்தேவா வந்தே? ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா கழுதையோட வந்திருப்பேனே."

"எனக்காக நீங்க இன்னும் எத்தன தடவதான் நடப்பீங்க?" என்றாள் அவள்.

அவன் நடந்தது உண்மை. குளிர்காலத்தில் ஒவ்வொரு பிறைக்கும் அத்திப்பழமும் விறகும் சுமந்துகொண்டு எலெயுசிஸுக்கு வந்தான். கடற்கரையில் அவள் தன் அண்ணன் லிகோனுக்காக ரொட்டியைப் பிட்டு அலையில் எறிந்து, மதுவை ஊற்றி, பெயர் சொல்லி அழைத்தபொழுதெல்லாம் பின்னால் தலைகுனிந்து நின்றான்.

பைதிமோஸும் லிகோனும் ஒரே பட்டறையின் இரு கைகள். திகிரியில் வனைபவன் பைதிமோஸ். வனைந்ததன் மேல் தீட்டுபவன் லிகோன். பல தூரிகைகளை வரிசையாகக் கட்டிய கவராயத்தைச் சுழற்றி வட்டங்களை மட்டும் இழுத்துக் கொடுப்பவள் தங்கை நிகாரெத்தே. இலையுதிர்காலத்தில் கோலியாஸ் முனைக்குக் களிமண் பார்க்கச் சென்ற ஆண்கள் இருவரில் பைதிமோஸ் மட்டுமே திரும்பினான். அங்கிருந்து மீன்பிடிப் படகொன்றில் ஏகினா தீவுக்குப் போகும் வழியில் காற்று கவிழ்த்துவிட்டது என்றான். கவிழ்ந்த படகின் அடிமரத்தில் தான் ஏறி அமர்ந்ததாகவும், லிகோனின் கை தன் கையிலிருந்து நழுவிப் போனதாகவும் சொல்லிக் கதறினான். உடல் கரை சேரவில்லை.

உடலில்லாதவனுக்கும் குழி உண்டு. வெறுங்குழியை மூடி, அதன்மேல் ஓர் ஆள் உயரத்துக்குப் பெருஞ்சாடி ஒன்றை நிறுத்த வேண்டும். அடியில் துளையிட்ட அந்தச் சாடியில் ஊற்றும் மது மண்ணுக்குள் இறங்கினால், இறந்தவனின் நாவு நனையும். சாடி நிற்கும் நாளோடு துக்கம் முடியும். துக்கம் முடிந்ததும் நிகாரெத்தேக்குத் திருமணம். தந்தையும் உடன்பிறந்தவனும் இல்லாத பெண்ணின் சூளை, அவளை மணப்பவனுக்கே சேரும் என்பது தெருவின் வழக்கம். பைதிமோஸ் சூளையைக் கேட்கவில்லை; அவளைத்தான் கேட்டான். இவ்வுலகில் தனக்கென்று எஞ்சிய ஒரே மனிதன் இவன்தான் என்று நம்பி, அவளும் சரி என்று சொல்லியிருந்தாள்.

*

மறுநாள் கழுதைக்காரன் தெரோன் மண் கொண்டு வந்தான். கழுதைகளின் முதுகிலிருந்த கூடைகளைச் சரித்துவிட்டு, அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவதைக் கண்டு, மதிற்சுவருக்கு அப்பாலிருந்து மெலித்தா தலையை நீட்டினாள். அவள் சாவு வீடுகளில் ஒப்பாரி வைப்பவள். நிகாரெத்தேயின் தாய் இறந்தபின் அக்காள் முறையாய் நின்று அவளை வளர்த்தவளும் அவள்தான்.

"கழுதைங்க கம்முனு நிக்குது. சொமக்காத நீ ஏன்யா முக்குறே?"

"ஒனக்கென்ன தெரியும்? மழையில கோலியாஸ் குழி ஒரு பக்கம் அப்படியே சரிஞ்சு கெடக்கு. சேத்துல முழங்கால் வரைக்கும் எறங்கி அள்ளினேன்."

"சூள வாசல்ல எதுக்கு அந்த முகமூடிய மாட்டி வச்சிருக்காங்க? ஒன்ன நிக்க வச்சா போதாதா? பான ஒடைக்கிற பேயெல்லாம் பயந்து ஓடிரும்."

நிகாரெத்தே நெடுநாளைக்குப்பின் சிரித்தாள். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தாள். வெண்ணெய் போல் இழைந்தது. கட்டியில்லை, கல்லில்லை. ஆனால் மணம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. நனைந்த கம்பளியின் மணம்.

"நல்ல மண்ணுதான் அண்ணே. எந்தப் பக்கத்துல எடுத்தீங்க?"

தெரோன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அவருகிட்ட சொல்லிராத தாயி. மேக்குப் பக்கம் தோண்டு, சரிஞ்ச பக்கம் போகாதேன்னு பைதிமோஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. மேக்குப் பக்கம் பூராவும் பாறை. இது தானா சரிஞ்சு, யாரோ கொத்தி வச்ச மாதிரி பொலபொலன்னு கெடந்துச்சு. சும்மா கெடக்கிறத விட்டுட்டு எவன் பாறைய ஒடைப்பான்?"

*

பைதிமோஸ் அந்த மண்ணில் சாடியைப் பகுதி பகுதியாக வனைந்து அடுக்கினான். நிகாரெத்தே அதே மண்ணைத் தொட்டியில் கரைத்து, தெளியவிட்டு, மேலே மிதக்கும் மிக நுண்ணிய குழம்பைத் தீட்டுவதற்கென்று வடித்தெடுத்தாள்.

தெளிவதற்கு அது மறுத்தது. காலையில் கலக்கி வைத்தால் மாலையிலும் தொட்டிக்குள் மெல்லச் சுழன்றுகொண்டேயிருந்தது. யாரோ அடியில் விரலிட்டுத் துழாவுவது போல.

சாடியில் என்ன தீட்டுவது என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. கட்டிலில் கிடத்திய உடலையும், மேலே உயர்த்திப் பிடித்த கட்டம் போட்ட போர்வையையும், இருபுறமும் தலையில் கைவைத்து நிற்கும் பெண்களையும் தீட்டுவதுதான் மரபு. லிகோனுக்கு உடலே இல்லையே. ஆகவே கடலைத் தீட்டலாம் என்றான் பைதிமோஸ். கவிழ்ந்த படகு, அதன் அடிமரத்தில் அமர்ந்த ஒருவன், சுற்றிலும் மீன்கள், மீன்களுக்கிடையே லிகோன்.

"ஒங்கள எப்படி அடையாளம் தெரியும்? எல்லாரும் ஒரே கறுப்புதானே?" என்றாள் நிகாரெத்தே. அக்காலத்துத் தீட்டல் அப்படித்தான். தலைக்கு ஒரு புள்ளி, மார்புக்கு ஒரு முக்கோணம், காலுக்கு இரண்டு வளைவு. அரசனும் அடிமையும் அதில் ஒன்றே.

"நமக்குத் தெரியுமில்ல? அது போதும்" என்றான் அவன்.

மேலும் கீழும் வட்டங்களையும் ஆற்றைப் போல் மடங்கிச் செல்லும் கோடுகளையும் முடித்துவிட்டு, நடுப்பட்டையில் படகைத் தீட்டத் தொடங்கினாள். குழம்பும் சாடியும் ஏறக்குறைய ஒரே நிறம். ஈரம் உலர்ந்துவிட்டால் தீட்டியவளுக்கே கோடு தெரியாது. சூளையில் பச்சை விறகிட்டுப் புகைமூட்டி, பிறகு மீண்டும் காற்று விட்டால்தான் குழம்பு கறுக்கும்; எஞ்சிய மண் சிவக்கும். அதுவரை கையை மட்டுமே நம்ப வேண்டும்.

அவள் தன் கையை நம்பினாள்.

முதல் மீனைத் தீட்டும்பொழுதே தூரிகை கனத்தது. வளைத்து இழுக்க முயன்றால், நேராகப் போகவே அது விரும்பியது. பழக்கமில்லாத வேலை என்று தன்னைத்தானே கடிந்துகொண்டாள். நண்பகல் உணவுக்கு எழுந்து போய்விட்டு வந்தபொழுது, மீன்களுக்கிடையே விட்டிருந்த இடமெல்லாம் ஈரமாக மினுங்கக் கண்டாள்.

சாய்ந்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தாள். நெளிகோடுகள். ஒன்றின்கீழ் ஒன்றாக, இடைவெளி பிசகாமல், வெற்றிடம் முழுவதும்.

லிகோனுக்கு வெற்றிடம் என்றால் ஆகாது. 'காலி எடம் விட்டா வேற யாராவது வந்து குந்திக்குவாங்க' என்று சொல்லிச் சிரிப்பான்.

"நீங்களா இத நெரப்பினீங்க?" என்று திகிரியருகே நின்றவனைக் கேட்டாள்.

"எத?" பைதிமோஸ் வந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். "நீதான் அவன் மாதிரியே போட்டிருக்கே. நல்லாத்தான் இருக்கு."

"நான் போடல."

"களைச்சுப் போயிருக்கே. போட்டுட்டு மறந்திருப்பே" என்றான் அவன். அவன் உதடு வறண்டிருந்தது.

அன்று மாலை, முற்றத்தில் வெயில் மங்கும் வேளையில், பட்டறைக்குள்ளிருந்து அந்த ஓசை கேட்டது. தூரிகையைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டும் ஓசை. டொக். டொக். பிறகு மயிர்க்கற்றை மண்ணில் உரசும் மெல்லிய இழுப்பு.

உள்ளே யாருமில்லை.

கிண்ணத்தில் குழம்பு மட்டும் பாதிக்குக் குறைந்திருந்தது.

*

சூளையைப் பைதிமோஸே மூட்டினான். அவனைவிடத் தீயை அறிந்தவன் அந்தத் தெருவில் இல்லை. ஆயினும் அன்று அவன் சூளை வாயிலை மூடிய வேகமும், பச்சை விறகைத் திணித்தபொழுது முகத்தைத் திருப்பிக்கொண்ட விதமும் நிகாரெத்தேயின் கண்ணில் பட்டன. புகை கறுத்து எழுந்தது. அதில் விறகின் மணம் இல்லை. மயிர் கருகும் மணம்.

"கேக்குதா?" என்றான் திடீரென்று.

"என்ன?"

"உள்ள... தட்டுற மாதிரி."

"பான வெடிக்குதோ என்னமோ."

"வெடிச்சா ஒரு தடவதானே கேக்கும்?" என்றான்.

சூளை ஆறியபின் ஒரு காலையில் வாயிலைப் பிரித்தார்கள். உதவிக்குத் தெரோன் வந்திருந்தான். வேடிக்கை பார்க்க மெலித்தா வந்திருந்தாள். உருளைக் கட்டைகளின்மேல் சாடியை மெல்ல நகர்த்தி வெயிலுக்குக் கொணர்ந்தார்கள். விரிசலில்லை. கறுப்பு, ஈரக் கண்மணி போல் பளபளத்தது.

"அடேயப்பா!" என்றாள் மெலித்தா. பிறகு, "ஏண்டி, கடல்னு சொன்னியே?" என்றாள்.

கடல் இல்லை.

படகு இல்லை. மீன் ஒன்றுகூட இல்லை.

நடுப்பட்டையில் கட்டில் ஒன்று நின்றது. மேலே கட்டம் போட்ட போர்வை உயர்ந்திருந்தது. இருபுறமும் பெண்கள் வரிசை, தலையில் கை. கட்டிலின் காலடியில் ஒருவன் தனியே நின்றான். அவன் கை தலையில் இல்லை. அதில் மண்வெட்டி இருந்தது.

கட்டிலில் கிடந்த உடலைக் கண்டு தெரோன் பின்வாங்கினான். இறந்தவனை மல்லாக்கக் கிடத்துவதே மனித வழக்கம். இதுவோ குப்புறக் கிடந்தது. கைகள் மார்புக்கடியில் எதையோ அணைத்திருந்தன. அவ்விடத்தில் ஒரு சிறு வட்டம். சாடி முழுவதிலும் நிரப்பப்படாமல் விடப்பட்ட ஒரே வெற்றிடம் அது.



"நான் தள்ளல" என்றான் பைதிமோஸ். யாரையும் பார்க்காமல், சாடியைப் பார்த்துச் சொன்னான். "நான் குப்புறத் தள்ளல... அவனாத்தான் அப்படி விழுந்தான்."

நிகாரெத்தே அவன் பக்கம் திரும்பினாள்.

"யாரு விழுந்தா?"

அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"எங்க விழுந்தான்? தண்ணியிலயா?"

"நிகாரெத்தே..."

"இந்த மண்ணு கோலியாஸ் குழியில சரிஞ்ச பக்கத்து மண்ணு" என்று தெரோன் சொன்னான். "அங்கதான் எடுத்தேன். நீங்க வேணாம்னு சொன்ன எடத்துல."

பைதிமோஸ் தரையில் உட்கார்ந்தான். தன் கைகளை அவன் வெறித்துப் பார்த்தான். அந்த மண்ணைப் பிசைந்த கைகள் அவை. திகிரியில் ஏற்றித் தடவித் தடவி உயர்த்திய கைகள்.

நிகாரெத்தே அவனருகே சென்று குனிந்தாள். அவள் குரல் கிசுகிசுப்பாகவே வந்தது.

"நான் கடல்ல ரொட்டி போட்டேன். குளிர்காலம் பூரா போட்டேன். நீங்க பின்னாடியே நின்னுட்டு இருந்தீங்களே."

"ஒனக்காகத்தான் செஞ்சேன். கேளு. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் துப்பு." அவன் அவளுடைய ஆடை விளிம்பைப் பற்றினான். "அவன் ஒன்னக் குடுத்துட்டான். கடலுக்கு அந்தப் பக்கத்துச் சீதோன் கப்பல்காரன் ஒருத்தனுக்கு. அந்தக் கெழவனுக்கு ஊருல ரெண்டு பொண்டாட்டி. பதிலுக்கு ஒரு வெண்கலக் கிண்ணம். அது பூரா சிங்கம், றெக்க வச்ச மிருகம், தாமரை. அதக் கையில வச்சுக்கிட்டுக் குழி ஓரத்துல நின்னு சிரிக்கிறான். 'நம்ம கோடும் கட்டமும் செத்துப் போச்சுடா, இனிமே இதுதான்'ங்கிறான். 'நாளைக்கு நிகாவக் கூட்டிட்டு வந்து கப்பல்ல ஏத்தணும், அவளுக்குத் தெரியாது, சின்னம்மா வீட்டுக்குன்னு சொல்லிரலாம்'ங்கிறான். எனக்குக் கண்ணு தெரியல. மண்வெட்டி கையில இருந்துச்சு."

"பொய்."

"தோண்டிப் பாரு. கிண்ணத்த நான் எடுக்கல. அவன் விடல."

*

தெருவின் ஆண்கள் கோலியாஸுக்குப் போனார்கள். கடற்காற்றில் உப்பும் பாசி நெடியும் கலந்து வீசிய குழியோரத்தில் நிகாரெத்தே நின்றாள். சரிந்த பக்கத்தில் ஆழமாய்த் தோண்ட நேரவில்லை. களிமண் அவனை அழுகவிடாமல் இறுகப் பிடித்து வைத்திருந்தது. குப்புறக் கிடந்தான். புரட்டியபொழுது மார்பிலிருந்து மண் நீங்க, வெயில் பட்டு எதுவோ மஞ்சளாய் மின்னியது.

சிங்கங்கள் வட்டமாக ஓடின. சிறகுள்ள மிருகங்கள் தாமரைகளுக்கிடையே அமர்ந்திருந்தன. ஒரு நேர்கோடுகூட இல்லாத, உயிருள்ள, மிக அழகிய வேலை.

அதுவரை, கொன்றவன் கூசாமல் பழி சொல்கிறான் என்றே அவள் பிடிவாதமாக நம்பியிருந்தாள். இப்பொழுது தெரோனின் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒங்களுக்குத் தெரியுமா அண்ணே?"

"கரையில பேசிக்கிட்டாங்க தாயி. மெய்யோ பொய்யோன்னு..."

அவர்கள் திரும்பி வருவதற்குள் பைதிமோஸ் ஊரை விட்டு ஓடிவிட்டான். மகனாகவோ தமையனாகவோ ஆண் ஒருவன் இருந்திருந்தால், கொலைக்குப் பழிவாங்க அவனைத் துரத்தியிருப்பான். நிகாரெத்தேக்கு அப்படி எவருமில்லை. இருந்த ஒருவனைத்தான் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள்.

வீட்டு முற்றத்தில், உடலைக் கழுவி, மல்லாக்கக் கிடத்தி, போர்வையை உயர்த்தினார்கள். பெண்கள் இருபுறமும் வரிசையிட்டார்கள். தலைமாட்டில் உடன்பிறந்தவள் நின்று முதலில் கையைத் தலைக்கு உயர்த்த வேண்டும். அவள் குரலெடுத்த பிறகே மற்றவர்கள் தொடங்க வேண்டும். அவ்வழுகை இல்லாமல் புறப்படும் உயிருக்கு இறந்தோர் உலகின் ஆற்றைக் கடக்க இடமில்லை.

நிகாரெத்தேயின் கைகள் தொங்கியபடியே இருந்தன.

மெலித்தா அவள் காதருகே குனிந்தாள். "தூக்குடி கைய. எல்லாரும் பாக்குறாங்க."

"மாட்டேன்."

"கூடப் பொறந்தவன்டி. அவன் நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சான். பெரிய எடம், நீ பட்டினி கெடக்க மாட்டேன்னுதான் என்கிட்டகூடச் சொன்னான்."

நிகாரெத்தே மெல்லத் திரும்பினாள்.

"ஒங்ககிட்ட சொன்னானா?"

மெலித்தாவின் முகம் வெளிறியது. "ஒங்கிட்ட சொல்லாதேன்னான். நீ அழுவே, அப்புறம் கப்பல் ஏற மாட்டேன்னு..."

"நீங்களும் சொல்லல."

"நான் என்னடி பண்ண முடியும்?"

"சொல்லியிருக்கலாம் அக்கா. அவ்ளோதான்" என்றாள் நிகாரெத்தே. உடலருகே வைத்திருந்த வெண்கலக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியேறினாள். எரிதானோஸின் கலங்கல் நீரில் அதை எறிந்துவிட்டு, அவன் புதைக்கப்படும் வரை வீடு திரும்பவில்லை. அழுகையில்லாமலே அவனைக் குழிக்குள் இறக்கினார்கள். சாடியை மேலே நிறுத்தினார்கள். முதல் மதுவைத் தெரோன் ஊற்றினான். அது கீழே இறங்கவில்லை என்றும், விளிம்பு வரை ததும்பி நின்றது என்றும் பிற்பாடு மெதுவாகச் சொன்னான்.

அவள் அதைக் கேட்டும் கேளாதவள் போல் இருந்தாள்.

*

அதன்பின் பட்டறையில் தட்டும் ஓசை கேட்கவில்லை. மண்ணில் கம்பளி மணமும் இல்லை; தெரோன் இப்பொழுது மேற்குப் பக்கத்துப் பாறையை உடைத்தே எடுத்து வந்தான். சூளை இனித் தன்னுடையது. தன்னைக் கேட்பதற்கும் கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் ஒருவருமில்லை. இந்த எண்ணம் முதலில் வலித்தது. பிறகு, வியக்கத்தக்க வகையில், மூச்சை இலேசாக்கியது. அன்பு காட்டிய எல்லோரும் ஏமாற்றினார்கள் என்றால், அன்பு காட்டாத இந்தத் தனிமை ஏமாற்றாது என்று அவள் தேறியிருந்தாள்.

ஒரு பிற்பகலில், வெயில் சாய்ந்து முற்றத்துச் சுவரில் மஞ்சளாய் விழுந்திருந்தபொழுது, குனிந்து மண் பிசைந்துகொண்டிருந்தாள்.

கைகள் நின்றன.

அவள் நிறுத்தவில்லை.

விரல்கள் மண்ணிலிருந்து தாமாக விடுபட்டன. மணிக்கட்டுகள் உயர்ந்தன. முழங்கைகள் இருபுறமும் கூர்மையாக மடங்க, உள்ளங்கைகள் இரண்டும் அவளுடைய உச்சந்தலையில் வந்து அமர்ந்தன. ஈரமண் நெற்றியில் வழிந்தது.

கைகளைக் கீழே இறக்க முயன்றாள். தோள் நொந்தது, கை அசையவில்லை. தொண்டைக்குள் ஏதோ திரண்டது. பல்லைக் கடித்து அடக்கினாள். வாய் திறந்துகொண்டது. உள்ளிருந்து எழுந்த நீண்ட ஓலம் தெருவின் கோடி வரை கேட்டது. அவள் அழாமல் வைத்திருந்த அழுகை அது. ஆனால் அதை அழுதவள் அவளல்லள்.

மதிலுக்கு அப்பால் காலடிகள் ஓடி வந்தன. மெலித்தா கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். கண்டதும் அவள் கண்கள் நிறைந்தன.

"அழு ராசாத்தி, அழு. இப்பவாவது மனசு வந்துச்சே."

'நான் அழவில்லை, என் கைகளைப் பிடித்துக் கீழே இறக்குங்கள்' என்று நிகாரெத்தே சொல்ல விரும்பினாள். ஓலம் மட்டுமே வந்தது. மெலித்தாவைத் தொடர்ந்து தெருப்பெண்கள் வந்தார்கள். தவறிப்போன கடமை இன்றேனும் நிறைவேறுகிறதே என்ற நிம்மதியோடு, ஒருவர் பின் ஒருவராக, அவளுக்கு இருபுறமும் வரிசையிட்டுத் தலைக்குக் கைகளை உயர்த்தினார்கள்.

வெயில் அவர்களுடைய முதுகில் அடித்தது. எதிர்ச்சுவரில் நிழல்கள் எழுந்தன. தலைக்கு ஒரு புள்ளி, மார்புக்கு ஒரு முக்கோணம், மடங்கிய கைகள். எல்லாம் ஒரே கறுப்பு. அவற்றுள் தன்னுடையது எது என்று நிகாரெத்தே தேடினாள், தெரியவில்லை.

நிழல்களின் நடுவே ஒன்று மட்டும் நிற்கவில்லை. அது நீளமாகக் கிடந்தது.

முற்றத்தில் படுத்திருப்பவர் எவருமில்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்பொழுதே, அது மெல்லப் புரண்டு அவள் பக்கம் திரும்பிப் படுத்தது.